குறுக்கே கிடந்த கொடி

செல்லியை முட்டாள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பர்கூர் பக்கம் கல் குவாரியில் பாதி ஆயுசு கழித்தவள். மேஸ்திரியையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள். கன்னடத்தில் நாலு வார்த்தை, தெலுங்கில் நாலு வார்த்தை தெரியும், இரண்டு பாஷையிலும் நன்றாகவே திட்டத் தெரியும். அப்பேர்ப்பட்டவள்தான் ஓசூரில் மகள் வீட்டு வாசலில் தயாராக நின்ற வண்டியை, அதுவும் சொந்த மகன் ஓட்டுகிற வண்டியை, ஒரு சனிக்கிழமை காலையில் பொய் சொல்லி ஊருக்கு அனுப்பிவைத்தாள். கேட்டால் வயிறு எரியும். எரியட்டும், ஆனால் ஏன் அனுப்பினாள் என்பதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

சுமலதா அவளுக்கு மூத்தவள். கல்யாணமாகி ஆறு வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, இப்போதுதான் ஒன்று தங்கியிருந்தது. எட்டு மாசம் நடந்துகொண்டிருந்தது. புருஷன் அன்புமணி, வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்று செல்லி சிங்காரப்பேட்டையில் ஓர் அறைக்கு வெள்ளையடித்து, பழைய கட்டிலுக்குப் புதுக் கயிறும் பின்னி வைத்திருந்தாள். டாக்டரம்மா அதை ஒரே பேச்சில் முறித்துவிட்டார். “ஊருக்கா? அவ்ளோ தூரமா? இந்தப் பொண்ணு ஓசூரைத் தாண்டக் கூடாதும்மா.” ஆகவே தாய்வீடே பையும் மூட்டையுமாகக் கிளம்பி வந்து, சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிற மகளின் லைன் வீட்டில் இறங்கியது.

வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்குச் செல்லியும் கூடப் போயிருந்தாள். டாக்டர் சுஜாதா திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். மங்கலான படத்துக்கு நடுவே சிவப்பாகவும் நீலமாகவும் இரண்டு கோடுகள் மின்னி மின்னி ஓடின.

“குழந்தை நல்லா இருக்கு. இதை முதல்ல மனசுல வாங்கிக்கங்க. கை, கால், இதயம், எதிலயும் குறை இல்ல. ஆனா நஞ்சுல இருந்து தொப்புள்கொடிக்குப் போற ரத்தக்குழாய் ரெண்டு, கொடிக்குள்ள பத்திரமா போகாம வெறுமனே வெளியே கிடக்கு. கிடக்கிற இடம்தான் வம்பு. கர்ப்பப்பை வாய்க்கு நேர் குறுக்க, குழந்தை தலைக்குக் கீழ.”

“அறுந்துடுமா டாக்டர்?” என்று கேட்டாள் சுமலதா.

“பனிக்குடம் உடைஞ்சா அதோட சேர்ந்து கிழியலாம். அப்ப வர்ற ரத்தம் உங்களுது இல்ல, குழந்தையோடது. இந்த மாசத்துக் குழந்தைக்கு உடம்பு முழுக்கச் சேர்த்தாலே ஒரு டம்ளர் ரத்தம்தான். அதனால வலி வர்றதுக்கு முன்னாடி நாம முந்திக்கணும். திங்கக்கிழமை அட்மிட் ஆகிடுங்க, அடுத்த வாரம் ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். இப்படி முன்னாடியே தெரிஞ்சு எடுத்தா அநேகமா எல்லாக் குழந்தையும் நல்லபடியா வந்துடுது. தெரியாமப் போனாத்தான் கஷ்டம்.” பேனாவை மூடிக்கொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார். “வீடு பக்கத்துல இருக்கு, வலி எதுவும் இல்ல, அதனால திங்கள் வரைக்கும் விடறேன். ஆனா வாசல்ல வண்டி நிக்கணும். எந்நேரமும். ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் யோசிக்காம ஏறி வந்துடணும்.”

“வண்டி இருக்குங்க. என் தம்பிதான் டிரைவர்” என்றாள் சுமலதா.

இத்தனையும் கேட்டுக்கொண்டுதான் செல்லி உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் காதில் ஒட்டியது ஒரே ஒரு சொல். மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு, மாத்திரையைப் பற்றிக் கேட்பவள்போல் மறுபடி உள்ளே போனாள்.

“கொடி சுத்தியிருக்குதுங்களா டாக்டரம்மா?”

“அது வேற, இது வேறம்மா. கழுத்துல கொடி சுத்துறது நிறையக் குழந்தைக்கு நடக்கும். அதுக்குப் பயப்படவே வேண்டாம்.”

“சுத்தியிருக்குதா, இல்லீங்களா?”

வெளியே இன்னும் முப்பது வயிறு காத்திருந்தது. “இப்ப அப்படி எதுவும் தெரியல. பின்னாடி சுத்தினாலும் சுத்தலாம். அதை விடுங்கம்மா, நான் சொன்ன ரத்தக்குழாயை…”

விட்டாள். ரத்தக்குழாயைத்தான் விட்டாள். கொடியைப் பிடித்துக்கொண்டாள்.

கொடி சுற்றிப் பிறக்கிற பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பது இந்தப் பக்கத்தில் நேற்றுப் பிறந்ததற்கும் தெரியும். அதற்குப் பரிகாரமும் உண்டு. நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் பிள்ளையின் முகம் தெரியும்படி காட்டுவார்கள், மாமன் அதைப் பார்த்த பிறகுதான் பிள்ளையை நேரில் பார்ப்பான். மற்றவர்கள் இதையெல்லாம் ஒரு சடங்காகச் செய்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். செல்லியால் அப்படி முடியாது. அவள் கண்ணால் பார்த்தவள்.

அவளுடைய இரண்டாவது பிள்ளை சந்தோஷ் கழுத்தில் கொடியைச் சுற்றிக்கொண்டுதான் பிறந்தான். அதே வாரத்தில் குவாரியில் பாறை சரிந்து, அவள் கூடப்பிறந்த ஒரே தம்பி கோவிந்தப்பன் அதற்கடியில் போய்விட்டான். பாறை ஏன் சரிந்தது என்று வெடி வைத்தவனைக் கேட்டிருக்க வேண்டும். ஊர் தொட்டிலில் கிடந்தவனைக் கேட்டது. அன்றிலிருந்து சந்தோஷுக்கு இன்னொரு பெயர், மாமனை முழுங்கினவன். பள்ளிக்கூடத்தில் அதே பெயர், கபடி ஆடினால் அதே பெயர், கோபம் தலைக்கேறினால் பெற்றவள் வாயிலும் அதே பெயர். அவனும் சிரித்துக்கொண்டே வளர்ந்து, இருபத்துநாலு வயசு ஆம்பிளையாகி, இப்போது கம்பெனி ஆட்களை ராத்திரி ஷிப்டுக்கு ஏற்றி இறக்குகிற ஆம்னி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். பகலில் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பின் சீட்டில் காலை மடக்கிக்கொண்டு தூங்குவான்.

இப்போது அவன் தாய்மாமனாகப் போகிறான். வெள்ளிக்கிழமை ராத்திரி செல்லி பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. மகன் வண்டியில் ஏறும்போதெல்லாம் வழியில் வரப்போகிற லாரிகள்தான் அவள் கண்ணில் நின்றன. தம்பியை வாரிக் கொடுத்தாயிற்று, மகனையும் கொடுப்பதா? பிள்ளை பிறக்கிற இடத்தில் அவன் நிழல்கூட விழக் கூடாது என்று முடிவு கட்டினாள்.

சனிக்கிழமை காலையில் அன்புமணி முதல் ஷிப்டுக்குப் போய்விட்டான். சுமலதா இன்னும் எழவில்லை. சந்தோஷ் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கியதுதான் தாமதம், செல்லி பிடித்துக்கொண்டாள்.

“டேய், உங்கப்பனுக்குக் காய்ச்சலாம். ரெண்டு நாளா எந்திரிக்கவே இல்லியாம். போயி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போ. ரெண்டு நாள் அங்கியே இரு.”

“வண்டி இங்க நிக்கணும்னு அக்கா சொல்லிச்சேம்மா?”

“ஆட்டோ வெங்கடசாமிகிட்ட சொல்லி வச்சிருக்கன். கூப்பிட்டா வந்துடுவான்.”

“அப்ப நான் பஸ்ல போறன். வண்டி இருக்கட்டும்.”

“இருந்தா யாரு ஓட்டுறது? நானா? ஊர்ல அப்பனை எதுல ஏத்திகினு போவ, தலைமேல வச்சிகினா? போடான்னா போ!”

அவன் போனான். தாய் பேச்சைத் தட்டாத பிள்ளை என்று பெருமைப்பட வேண்டிய இடம். சிங்காரப்பேட்டையில் அவன் அப்பன் தீர்த்தகிரி அந்நேரம் கிழங்கு மாதிரி உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தார். ஆட்டோ வெங்கடசாமியிடம் அவள் சொல்லி வைத்திருந்தது மட்டும் நிஜம். ‘மகளுக்கு எட்டு மாசம், அவசரம்னா கூப்பிடுவன்’ என்று சொல்லியிருந்தாள். அவனும் ஆகட்டும் என்று தலையாட்டியிருந்தான். எந்த வீட்டில் எட்டு மாசம் இல்லை, அவனுக்கு என்ன தெரியும்?

சுமலதா எழுந்து வாசலைப் பார்த்ததும் முதலில் அதைத்தான் கேட்டாள். “தம்பி எங்கம்மா?”

“வண்டிக்கு கேஸ் ரொப்பப் போயிருக்கான். வந்துடுவான். நீ சாப்பிடு கண்ணு.”

அவள் சாப்பிட்டாள். படுத்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கால் அமுக்கிவிட்டாள். ஆஸ்பத்திரி ஐந்து நிமிஷ வழிதானே, கூப்பிட்டால் ஆட்டோ, திங்கட்கிழமை அட்மிஷன், நடுவில் ஒரே ஒரு நாள், அதற்குள் என்ன வந்துவிடும் என்று செல்லி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மகனைக் காப்பாற்றியாயிற்று என்று அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் சுமலதா குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கூப்பிட்டாள். “அம்மா.”

கத்தவில்லை. அந்தக் குரலைக் கேட்டதுமே செல்லி கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தாள். நைட்டி முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது. முதலில் தண்ணீர் என்றுதான் நினைத்தாள். தரையில் படர்ந்தது சிவப்பாக இருந்தது.

“ஐயோ… வலிக்குதா பாப்பா?”

“வலி இல்லம்மா. வலியே இல்ல.” சுமலதா குனிந்து தரையைப் பார்த்தாள். “இது என் ரத்தம் இல்லம்மா. புள்ளையோடது. தம்பியை எழுப்பு. சீக்கிரம் எழுப்பும்மா!”

வாசலில் வண்டி தூங்குகிறது, வண்டிக்குள் தம்பி தூங்குகிறான் என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். செல்லி ஒரு துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

“அம்மா, எழுப்புன்னு சொல்றனில்ல!”

“அவன் இல்ல கண்ணு. ஊருக்குப் போயிட்டான்.”

“யாரு அனுப்புனது?”

செல்லி செருப்பு போடாமல் தெருவில் இறங்கி ஓடினாள். ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு ஆட்டோவும் இல்லை. வெங்கடசாமி பாகலூர் சவாரி போயிருந்தான். அன்புமணிக்குப் போன் அடித்தாள். அவன் கம்பெனியில் போனை வாசல் லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அடித்து அடித்து அதுவாக நின்றது. சந்தோஷுக்கு அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

“பர்கூர் கிட்ட வந்துட்டம்மா. ஏன்?”

“திரும்புடா” என்றாள். “அக்காவுக்கு ரத்தம் போவுது, ஆஸ்பத்திரிக்கே வந்துடு. திரும்புடா சாமி.”

வீட்டுக்கு ஓடிவந்தால், சுமலதா தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு தொடைக்கும் நடுவே துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பேரைச் சொல்லி, டாக்டர் பேரைச் சொல்லி, என்ன கோளாறு என்பதையும் இங்கிலீஷில் சொன்னாள். ஆம்புலன்ஸ் வருகிற வரை நிற்க வேண்டாம், எது கிடைத்தாலும் ஏறி வாருங்கள், தியேட்டரைத் தயார் பண்ணுகிறோம் என்றார்கள் அந்தப் பக்கம். மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு செல்லி மெயின் ரோடு வரை நடத்திக்கொண்டு போனாள். ஒவ்வொரு அடிக்கும் சுமலதா, “அசையுது… இன்னும் அசையுதும்மா” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். அசைகிறதா என்று கேட்கச் செல்லிக்குத் தைரியம் வரவில்லை.

எத்தனை வண்டி போகிற ரோடு அது! கன்டெய்னர், டிப்பர், கம்பெனி பஸ், கார் என்று ஈ எறும்பு போல் போய்க்கொண்டிருந்தன. ஒருத்தன் நிற்கவில்லை. ரத்தத்தைப் பார்த்ததும் ஒரு கார்க்காரன் வேகத்தைக் குறைத்தான், சீட்டை நினைத்துக்கொண்டானோ என்னவோ, மறுபடி அழுத்திக்கொண்டு போய்விட்டான். நாசமாய்ப் போக! செல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடு ரோட்டில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தாள். தக்காளி ஏற்றிய பிக்கப் ஒன்று, கிறீச்சென்று அவள் மூக்கு முனையில் வந்து நின்றது.

“சாயக்கே பேறே காடி சிக்கலில்லவா?” என்று கன்னடத்தில் பாய்ந்தான் டிரைவர். சாவதற்கு வேறு வண்டி கிடைக்கவில்லையா என்று கேட்டவன், ஓரத்தில் நின்ற சுமலதாவைப் பார்த்ததும் வாயை மூடினான். குதித்து இறங்கி, முன் சீட்டில் கிடந்த பைகளைத் தூக்கிப் பின்னால் எறிந்தான். “ஹத்தி, ஹத்தி! பேகா!” ஏறு, சீக்கிரம் என்று கதவைத் திறந்து பிடித்தான்.

ஐந்து நிமிஷ வழி. சிக்னலுக்கு முன்னால் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. டிரைவர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. செல்லி இறங்கி ஓடி, முன்னால் நின்ற லாரியின் கதவை உள்ளங்கையால் அறைந்து, தனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் கெஞ்சினாள், திட்டினாள், கும்பிட்டாள். லாரி ஓர் அடி நகர்ந்தது. அந்த ஓர் அடியில் பிக்கப் நுழைந்தது. அவள் பின்னால் ஓடிவந்து தொற்றிக்கொண்டு, மிச்ச தூரமும் தக்காளிப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து வந்தாள். உட்கார்ந்தபடியே ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர். வீட்டில் கொட்டியது எவ்வளவு, ரோட்டில் எவ்வளவு, துண்டில் எவ்வளவு. மிச்சம் இருக்குமா?

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் நின்றது. டாக்டர் சுஜாதா தொப்பியை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். டொக்… டொக்… என்று நடுவில் ரொம்ப இடைவெளி விட்டு அடித்தது.

“இருக்கு. போலாம், போலாம்.” ஸ்ட்ரெச்சர் ஓடியது. ஓடிக்கொண்டே டாக்டர் கேட்டார், “வாசல்ல வண்டி இருக்குன்னீங்களே? உங்க தம்பி எங்க?”

சுமலதா படுத்தபடியே தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயசிலிருந்து தம்பியை ஊர் என்ன சொல்லிக் கூப்பிட்டது என்று அவளுக்குத் தெரியாதா? அம்மாவின் மனசில் எது ஓடியிருக்கும் என்று தெரியாதா?

“எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

செல்லி சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். அங்கே நாற்காலி இருந்தது, அதில் உட்கார அவளுக்கு மனசு வரவில்லை. கொஞ்ச நேரத்திலேயே கதவு திறந்தது. ஒரு நர்ஸ் கையில் சின்ன ரத்தப் பையோடு உள்ளே ஓடினாள். கதவு மூடுவதற்குள் செல்லி எட்டிப் பார்த்துவிட்டாள். விளக்குக்குக் கீழே ஒரு மேஜை, அதைச் சுற்றி மூன்று பேர், நடுவில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. குழந்தை அப்படி வெள்ளையாக இருக்கக் கூடாது. ஒரு சத்தமும் இல்லை.

முக்கால் மணி நேரம் போன பிறகு அன்புமணி யூனிபாரத்தோடு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். கம்பெனி கேட்டில் யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். “அத்தை, என்ன ஆச்சு? சந்தோஷ் எங்க அத்தை?” என்று அவனும் அதையேதான் கேட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு பை ரத்தம் வேண்டும் என்று அவனை ரத்த வங்கிக்கு விரட்டிவிட்டார்கள். வந்த காலோடு ஓடினான்.

டாக்டர் வெளியே வந்தார். முகத்தில் வேர்வை.

“உங்க பொண்ணு நல்லா இருக்காங்க. பொம்பளைக் குழந்தை. ரத்தம் பாதிக்கு மேல போயிடுச்சும்மா. ஏத்திட்டிருக்கோம். இதயம் ஒரு தடவை நின்னுச்சு, திருப்பிக் கொண்டுவந்தோம். இன்னும் கொஞ்ச நேரம் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்.” கொஞ்சம் நின்று, “இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா…” என்று ஆரம்பித்தவர், செல்லியின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை அப்படியே விட்டார்.

செல்லி கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. “கொடி… கழுத்துல சுத்தியிருந்துச்சுங்களா?”

“கொடியா?” டாக்டருக்கு எதைக் கேட்கிறாள் என்று உடனே பிடிபடவில்லை. “இல்லம்மா. கழுத்துல ஒண்ணும் இல்ல. குறுக்க கிடந்த குழாய்தான் கிழிஞ்சிருந்துச்சு. அதைத்தான் அன்னைக்கே சொன்னேன்.”

சொன்னார். அன்றைக்கே சொன்னார். படம் காட்டிச் சொன்னார்.

செல்லிக்கு அழுகை வரவில்லை. நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றிவைத்தால் அழுகை எப்படி வரும்? கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். தன் உயிரை எடுத்துக்கொள் என்று கேட்டாள். மறுபடி கேட்டாள். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு மெஷின் விடாமல் கத்தத் தொடங்கியது. ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ எண்ணிக்கொண்டே எதையோ அழுத்தினார்கள். கிழவியின் உயிரை வாங்கி என்ன செய்ய என்று சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவே அவளுக்குத் தோன்றியது. அப்புறம் அவள் வாயில் வந்ததை அவள் யோசித்துச் சொல்லவில்லை. தரையில் நெற்றியை முட்டிக்கொண்டு, வாய்விட்டே சொன்னாள்.

“தாயே பெரியாண்டிச்சி… நான் வேண்டாமா உனக்கு? சரி. ஒரு உசுரு வாங்காம போக மாட்டியா? என் மவனை எடுத்துக்க. அந்தப் பச்சை மண்ணை விட்டுடு தாயே. சந்தோஷை எடுத்துக்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு தலையைத் தூக்கினாள். சந்தோஷ் நின்றுகொண்டிருந்தான். கையில் வண்டிச் சாவி, சட்டை முழுக்க வேர்வை. பர்கூரிலிருந்து எப்படி ஓட்டிக்கொண்டு வந்தானோ.

“டேய்… இல்லடா… நான் அப்படிச் சொல்லலடா கண்ணு…”

அவன் அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். “அப்பாவுக்குப் போன் பண்ணனேம்மா, வழியில. மாட்டுக்குத் தண்ணி காட்டிகினு இருக்காரு. காய்ச்சலான்னு கேட்டா, யாருக்குன்றாரு.”

செல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

“எனக்கு ஏதாச்சும் ஆயிடும்னு அனுப்புன. அதானே?”

“ஆமாண்டா.”

“இப்ப என்னையே எடுத்துக்கன்னு சொல்ற.”

“ஆமாண்டா…” என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது. வாயைத் திறந்து, சத்தம் வெளியே வராமல், உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். “நான் என்னாடா பண்ணுவன்? உன்னைப் பாத்தா அது போவுது, அதைப் பாத்தா நீ போற. நான் என்னாதான்டா பண்றது?”

அவன் அவள் தோளைத் தொடவும் இல்லை, திட்டவும் இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே கத்திக்கொண்டிருந்த மெஷின் எப்போது நின்றது என்று இருவருக்கும் தெரியவில்லை. நின்றது நல்லதுக்கா கெட்டதுக்கா என்றும் தெரியவில்லை. அப்புறம் கதவு திறந்து நர்ஸ் வந்தாள்.

“சுமலதா குழந்தைக்கு யாரு?”

இருவரும் எழுந்தார்கள்.

“ரத்தம் ஏறுது. கொஞ்சம் கலர் வந்திருக்கு. ஒரு தடவை அழுதுச்சு. ஆனா ரெண்டு மூணு நாள் போகணும், அதுக்கு முன்னாடி எதையும் நம்பிடாதீங்க. ஐசியூவுக்கு மாத்தப் போறோம், அதுக்கு முன்ன ஒரே ஒரு ஆள் வந்து பாத்துடலாம். அப்பா எங்க?”

“ரத்தம் வாங்கப் போயிருக்காரு” என்றான் சந்தோஷ். “நான் தாய்மாமன். நான் வரன்.”

செல்லியின் கை அவள் சொல்லாமலே போய் அவன் சட்டையைப் பிடித்தது. கழுத்தில் கொடி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது வேறு கணக்கு. இப்போது அவள் வாயால் அல்லவா கொடுத்திருக்கிறாள்? சாமி கேட்டுவிட்டது, பிள்ளை அழுதுவிட்டது. இனி அதற்கு உண்டானதை வாங்காமல் விடுமா?

“போகாதடா. வேண்டாம். உங்க மச்சான் வரட்டும்.”

“அம்மா.” சந்தோஷ் திரும்பினான். குரலை உயர்த்தவில்லை. “இந்தப் புள்ள பொழச்சிகிச்சுன்னு வை. நாளைக்கோ, பத்து வருசம் கழிச்சோ, எங்கியாச்சும் நான் லாரியில மோதிச் செத்தன்னு வை. அப்ப நீ யாரைச் சொல்லுவ?”

செல்லி பிடித்த சட்டையை விடவில்லை.

“என்னைச் சொன்ன மாதிரி அதையும் சொல்லுவியா? பள்ளிக்கூடம் போறப்ப, வெளையாடுறப்ப, சோறு திங்கிறப்ப? பதில் சொல்லு. அப்புறம் உள்ள போறன்.”

நர்ஸ், “சீக்கிரம் வாங்க” என்றாள்.

பாறையடியிலிருந்து தம்பி கோவிந்தப்பனை எடுத்துக்கொண்டு வந்த அன்றைக்குப் பக்கத்தில் கிடந்த கைக்குழந்தை சந்தோஷ் பாலுக்கு வீறிட்டது செல்லிக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிதான் எடுத்துப் பால் கொடுத்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவனிடம் சொல்லவே சொல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள்.

“மூணு நாள்” என்றாள்.

“என்னா மூணு நாள்?”

“நீ பொறந்தப்ப. மூணு நாள் நான் உன் மூஞ்சியைப் பாக்கலடா.” கை தானாகச் சட்டையை விட்டது. “நீ போயி அவ மூஞ்சியைப் பாரு.”